படபடப்பைப் பொருத்தும் முறை

அலமாரி வாங்கினால் கூடவே ஒரு தாள் வருமே, எந்தப் பலகையை எங்கே பொருத்துவது என்று படம் போட்டு? அந்தப் படங்களையும் யாராவது உட்கார்ந்து வரையத்தானே வேண்டும்? அந்த யாராவது இவள்தான். மரச்சாமான் கம்பெனியின் மாடி அறையில், ஜன்னலோர மேசையில், நாள் முழுக்கத் திருகாணியும் பலகையுமாக வரைந்து தள்ளுவாள். ஆபீசில் பாதிப் பேருக்கு அவள் பெயரே மறந்துவிட்டது. ‘திருகாணி அக்கா’ என்றால்தான் தெரியும். அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

அந்தத் தாளில் ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது. எந்த ஊர்க்காரர் பிரித்துப் பார்த்தாலும் புரிய வேண்டும். அதனால் வரைந்து முடித்ததும் முதலில் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவாள். அவர் பஸ் டிரைவர். அவ்வளவு நீளமான பஸ்ஸைச் சந்துக்குள் அலட்டாமல் திருப்புவார், ஒரு ஸ்டூலுக்குக் கால் மாட்டச் சொன்னால் முழி பிதுங்கிவிடும். படத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்வார், சொந்தப் புத்தியைத் துளியும் கலக்க மாட்டார். படத்து ஆள் ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தான் என்பதற்காக, இவரும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டே கட்டிலைப் பூட்டியிருக்கிறார். “இவரே மாட்டிட்டா ஊரே மாட்டிடும்” என்பது அவள் கணக்கு.

எல்லாம் சரி, இந்தப் படபடப்புதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. காரணம் சொல்லிக்கொண்டு வராது. பாத்திரம் தேய்க்கும்போது வரும், கடை வரிசையில் நிற்கும்போது வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், சுவரெல்லாம் கிட்டே வரும், குழாய்ச் சத்தம் காதுக்குள் குடியேறிவிடும். டாக்டர் சோதித்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். வீட்டுக்காரர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அதான் ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரே. சும்மா எதையாவது போட்டுக் குழப்பிக்காதம்மா.”

அன்பாகத்தான் சொல்வார். அதுதான் இன்னும் கொடுமை. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனுக்குத் தன் உள்ளே நடப்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். விளக்கலாம் என்று வாயைத் திறந்தால், “பயமா இருக்கு” என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வராது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மழைக்கு நூலக ஹாலில் ஒதுங்கினாள். உள்ளே, ஓவியர்கள் தங்கள் கையாலேயே செய்த புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்று விசிறி மடிப்பாக மேசை முழுக்க நீண்டு கிடந்தது. இன்னொன்றில் பக்கமெல்லாம் மெல்லிய தாள், ஒரு முகத்துக்குள்ளிருந்து இன்னொரு முகம் தெரிந்தது. தூக்கம் வராத ஒருவர் செய்த புத்தகம் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் அறை பெரிதாகிக்கொண்டே போனது, கட்டில் சின்னதாகிக்கொண்டே போனது. எழுத்தே இல்லை!

“ஐயோ, மனசைக்கூட இப்படிப் பிரிச்சு வரையலாமா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் தாளும் கத்தரியுமாக உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் காதில் விழாது. ஒவ்வொரு பக்கத்தையும் முந்தினதைவிடச் சின்னதாக வெட்டினாள், பார்க்கிறவர் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோயே ஆக வேண்டும். கம்பெனித் தாளில் வழக்கமாக வரும் அதே ஆள்தான் இதிலும், உருண்டைத் தலை, முகம் கிடையாது. முதல் படியில் அவன் குழாயைத் திறக்கிறான். இரண்டாவதில் தண்ணீர்ச் சத்தம் தடித்த கோடுகளாகப் பெருகுகிறது. மூன்றில் சுவர்கள் நெருங்குகின்றன. நான்கில் காதைப் பொத்துகிறான். ஐந்தில் மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அவள் நிஜத்தில் ஒருநாளும் மேசைக்கு அடியில் போனதில்லை. உள்ளுக்குள் அப்படித்தான் இருக்கும்.

ஆறாவது பக்கத்தில் பேனா நகரவில்லை. வெளியே வருவது எப்படி என்று அவளுக்கே தெரியாதபோது எதை வரைவது? ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வெள்ளைப் பக்கத்தோடு புத்தகத்தை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, அட்டை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போனாள். இதை எப்படிச் சொல்லி அவரிடம் கொடுப்பது என்பதே வழியெல்லாம் யோசனை.

திரும்பி வந்தால், சமையலறைக் குழாய் திறந்தே கிடக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“என்னங்க பண்றீங்க?”

“பேச்சுக் குடுக்காத. அஞ்சாவது படியில இருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த உடம்பை எப்படித்தான் உள்ளே திணித்தாரோ!

“என்ன சாமான்மா இது? பலகையும் காணோம், ஒரு ஸ்க்ரூவும் காணோம்.”

“சாமான் இல்லங்க. அது நான்.”

மேசைக்கு அடியில் பக்கங்கள் மறுபடி முதலிலிருந்து புரளும் சத்தம் வந்தது.

“காதைப் பொத்திக்கிட்டா நெஞ்சு அடிக்கிறது மட்டும்தான் கேக்குது,” என்றார் மெதுவாக. “உனக்கு இப்படியா இருக்கும்?”

“இதுக்கு மேல இருக்கும்.”

“நான் பாட்டுக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்திருக்கேனே.”

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். “சரி, வெளிய வாங்க.”

“எப்படி வர்றது? அடுத்த பக்கத்துல ஒண்ணுமே இல்லையே.”

“அது எனக்கே தெரியலங்க.”

“அப்ப நான் மட்டும் எப்படி வருவேன்? நீ வரையற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்.”

விளையாடுகிறாரா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. சட்டென்று பேனாவை எடுத்துக்கொண்டு அவளும் உள்ளே நுழைந்தாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

கனமான அலமாரிகளுக்கான தாளில், முதல் பக்கத்திலேயே ஒரு சின்னப் படம் உண்டு. ஒரே ஆள் தனியாகத் தூக்கினால் அதன்மேல் பெருக்கல் குறி, இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் பக்கத்தில் சரிக்குறி. எத்தனை அலமாரிக்கு வரைந்திருக்கிறாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவாள்! வெள்ளைப் பக்கத்தில் முதல் உருண்டைத் தலையைப் போட்டாள். அதை ஒட்டி இன்னொன்றையும் போட்டாள்.

“இந்த ரெண்டாவது ஆளுக்குத் தொப்பை போடட்டுமா?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“கண்டிப்பா போடு. யாருன்னு தெரிஞ்சாத்தானே நான் வந்து உக்கார முடியும்.”