யூலாலியின் ஈயப்பெட்டி

எங்கள் குலத்தில் யாரும் கதை கட்டுவதில்லை. வில்மோரெல் மாளிகையில் அன்று இரவு நடந்ததை என் கண்ணால் கண்டேன். மானம் கருதி இத்தனை காலம் சொல்லவில்லை. இப்போது வம்சத்தில் நான் மட்டுமே மிச்சம்.

என் அண்ணன் மகன் காஸ்பார், மார்கி பட்டம் தாங்கியவன். பிரெத்தாஞ் கடலோரத்துப் பிரபு வீட்டுப் பெண் யூலாலியை மணந்தான். அவள் சீதனத்தைச் சீட்டாட்டத்தில் கரைத்தான். தட்டிக் கேட்டாள். மன்னரின் முத்திரை ஆணை ஒன்றை வாங்கி, அவளைக் கன்னிமடத்தில் அடைத்தான். பல ஆண்டுகள் கழித்து அங்கேயே இறந்தாள். வீட்டு விஷயம் வெளியே போகவில்லை. அதில் எனக்குத் திருப்தியே.

இறந்தவரின் இதயத்தைத் தனியே எடுத்து ஈயப்பெட்டியில் வைத்து மூடுவது எங்கள் வழக்கம். யூலாலி தன் இதயத்தையாவது பிறந்த ஊர்க் கடற்கரையில் புதைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள்.

காஸ்பார் சிரித்தான். “உயிரோட இருந்தப்ப எனக்குக் கொடுக்காத இதயம், அத்தை. இப்பவாவது நம்ம வீட்டுல கிடக்கட்டும்.”

அவள் இதயம் இருந்த பெட்டியில் என் முத்திரையைப் பதித்தேன். மாளிகைச் சிற்றாலயத்தில், குலச்சின்னத்தின் கீழ், ஒரு கையால் தூக்கி வைத்தேன்.

அவனுடைய மறுமண நிச்சயத்துக்கு முந்திய நாள். உணவுக்கு அமர்ந்தோம். எட்டு மணி அடித்தது.

டொக்... டொக்...

சிற்றாலயச் சுவருக்கு அப்பாலிருந்து.

“என்ன சத்தம் அது?”

“எலியா இருக்கும். இல்லன்னா அவளுக்குப் பசிக்குதோ என்னமோ!”

“செத்தவளைக் கேலி பேசாதே.”

“உயிரோட இருந்தப்பவும் பேசினேனே அத்தை. அப்ப நீங்க தடுக்கலையே?”

பரிமாற வந்த வேலைக்காரன் மத்துரேன் தட்டுடன் அப்படியே நின்றுவிட்டான். காஸ்பாரின் உதடுகளையே பார்த்தான். அவை நீலமாக இருந்தன.

டொக்டொக்... டொக்டொக்...

இப்போது இரட்டையாகக் கேட்டது.

“என்னப்பா செய்யுது?”

“ஒண்ணுமில்ல... இங்க என்னமோ லேசா இருக்கு.” மார்பைத் தொட்டுக் காட்டினான்.

எழுந்து போய்க் கை வைத்துப் பார்த்தேன்.

“குளிருது அத்தை...”

பேசிக்கொண்டுதான் இருந்தான்.

உள்ளே துடிப்பு இல்லை.

சுவருக்கு அப்பால்... இரண்டு.

பிறகுதான் சாய்ந்தான்.

மறுநாள் இதயத்தை எடுக்க மருத்துவர் உடலைத் திறந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. திறந்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அம்மா... இங்க இதயமே இல்ல.”

“தைச்சு மூடுங்க. ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது.”

அவன் பெயர் பொறித்த பெட்டி இன்றும் சிற்றாலயத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் முன் திருப்பலி நடக்கிறது. வெறும் பெட்டி.

யூலாலியின் பெட்டியில் என் முத்திரை உடையவில்லை. ஆனால் தூக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

அன்றே அதை மத்துரேனிடம் கொடுத்து அவள் ஊருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வழியெல்லாம் ரெண்டும் அடிச்சுக்கிட்டே வந்துச்சும்மா. கடல் கண்ணுல பட்டதும் ஒண்ணு நின்னுடுச்சு.”

“இன்னொண்ணு?”

“மண்ணு போட்டு மூடின பிறகும்... நிக்கல.”