மூன்றாவது சரணம்

சுலோஜனாவின் பாட்டை ஜெர்மனியில் நான்கு குழுக்கள் பாடுகின்றன. நான்கும் பிழையாகத்தான் பாடுகின்றன. ஹம்பேர்க்கில் அனுஜன் என்றொருவரின் ஜாஸ் குழு அதைக் கல்யாண வீட்டு வேகத்தில் ஓட்டுகிறது. கார்ஹிங்கில் படிக்கிற பிள்ளைகள் சாக்ஸபோனில் இழு இழு என்று இழுக்கிறார்கள். அது அவரவர் பாடு. ஆனால் எல்லோரும் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறார்களே! பாட்டுக்குச் சரணம் மூன்று.

ஹனோவரில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருத்தியின் ரேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் புளூஸ் என்ற சோகப் பாட்டில் பைத்தியம் பிடித்தது. யார் யாரோ படுத்தெழும்பிய விரிப்புகளைப் பற்றித் தமிழில் ஒரு புளூஸ் எழுதினாள். இதெல்லாம் ஒரு பாட்டா என்று சிரிக்காதீர்கள், கேட்டால் விடமாட்டீர்கள். மூன்றாவது சரணம் மட்டும் கணவன் பாலச்சந்திரனைப் பற்றியது. நேரே சொல்ல வெட்கப்பட்டு எழுதியது.

பாடியவர் பாலச்சந்திரன்தான். வாடகை ஒலிப்பதிவு அறையில் நேரம் முடிந்து அடுத்த குழு கதவைத் தட்டிவிட்டதால், கடைசிச் சரணத்துக்கு கிட்டார் மட்டுமே பதிவானது. "பிறகு இன்னொரு நாளுக்கு டெர்மின் எடுத்துப் பாடுவம்" என்றார். பிறகு என்ன பிறகு! போன மாசியில் மாரடைப்பு வந்து மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சவப்பெட்டியை மூடுகிற நேரம் அவருடைய தங்கை புஷ்பராணி ஒரு நீல அட்டைக் கொப்பியோடு ஓடிவந்தாள்.

"மச்சாள், அண்ணையின்ர பாட்டுக் கொப்பி. அவரோடயே வைக்கட்டோ?"

பாடியவர் அவர் என்றால் எழுதியதும் அவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எழுதியவள் வாயில் என்ன கொழுக்கட்டையா? இல்லை. அவளுக்கு அப்போது எதுவுமே உறைக்கவில்லை. "ஓம்" என்றாள். மூன்றாவது சரணம் எழுதியிருந்த ஒரே கொப்பி அவரோடு எரிந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு அழுகையும் வரவில்லை, அந்தச் சரணமும் வரவில்லை. விரிப்பு மடிக்கும்போது தேடினாள், பஸ்ஸில் தேடினாள். அது வந்தால் அழுகையும் வந்துவிடும் என்று நம்பினாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஆண்டு நினைவுக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் மண்டபம் எடுத்தார்கள். பாட வந்த வேணுஜா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, சரியான காதுக்காரி. மேடையேறுமுன் சுலோஜனாவிடம் வந்தாள்.

"அன்ரி, பதிவில கடைசியா கிட்டார் மட்டும் போகுதெல்லோ, அதுக்குச் சொல் இருந்ததோ?"

"இருந்தது."

"அங்கிள் எழுதினதோ?"

"இல்லைப் பிள்ளை. பாட்டு முழுக்க நான் எழுதினது."

சொல்லிவிட்டாள். மண்டபம் இடிந்து விழவுமில்லை, அவள் நெஞ்சு ஆறவுமில்லை.

"ஐயோ அன்ரி! அப்ப சொல்லித் தாங்கோ, பாடுறன்."

"ஏலாது. மறந்துபோனன்."

வேணுஜா கொஞ்சம் யோசித்தாள். "அந்த இடத்தை வெட்டாமல் வாசிக்கச் சொல்லுறன். ஞாபகம் வந்தா இருந்த இடத்திலயே பாடுங்கோ."

மேடையில் முதல் வேலையாக, பாட்டை எழுதியவர் சுலோஜனா என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கதிரையில் புஷ்பராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு சரணத்தையும், சும்மா சொல்லக்கூடாது, வேணுஜா அருமையாகப் பாடினாள். பிறகு கிட்டார் மட்டும் கேட்டது. சுலோஜனா வாயைத் திறந்தாள். மெட்டு முழுதும் அவளிடம் இருந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கிட்டார் முடிந்தது. சனம் கைதட்டியது, அவளும் தட்டினாள்.

"என்னை மன்னியுங்கோ மச்சாள், நான்தானே அந்தக் கொப்பியை வைச்சனான்" என்று புஷ்பராணி விம்மி விம்மி அழுதாள். சுலோஜனா கைப்பையைத் திறந்து ஒரு கடதாசித் துவாயை எடுத்து அவளிடம் கொடுத்தாள். தனக்கு ஒன்று எடுக்க வேண்டியிருக்கவில்லை.