பந்தலே சிரித்த வசனம்

பாறசாலையில் எங்கள் சபை ஆண்டுவிழாவுக்கு ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். சந்தேகப்பட்டு இளம்பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் கிழவன் வேஷம் என் வீட்டுக்காரருக்கு. இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டு, "எலே, எவனாக்கும் பூட்டை உடைச்சது?" என்று அவர் அலறியபோது பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அது எங்கள் வீட்டுச் சாவி.

எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். தமிழருக்கு உரிமை கேட்டு ஊர்வலம் போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். "காலம் சரியில்ல, உனக்க நல்லதுக்காக்கும்" என்பார். ஒருநாள் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. சாவியும் கூடவே போனது.

அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாகக் கஞ்சி தந்தார்கள். அவர் போட்ட பூட்டைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. மூன்றாம் நாள், மீன் விற்க வந்த பூவார்க்காரி ஒருத்தி என் அழுகையைக் கேட்டு நின்றாள். கல்லெடுத்துப் பூட்டை உடைத்தாள். "வெளிய வா மக்கா" என்றாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஜெயிலிலிருந்து மாலையும் கோஷமுமாக அவரை அழைத்து வந்தார்கள். வாசலில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"எவனாக்கும் பூட்டை உடைச்சது?"

அன்று பந்தலில் சிரித்தவர்கள்தான் அவர் பின்னால் நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.