ஆறு மாடித் தீயும் என் சாம்பிராணிச் சட்டியும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஜவுளிக்கடை முதலாளி. அவருடைய கணக்கர். கடையில் லிப்ட் ஓட்டியவர். குழந்தைத் துணிப் பிரிவில் விற்பனைக்கு நின்ற பெண். மெட்ராசிலிருந்து வந்த இன்சூரன்ஸ் சர்வேயர். எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர். நான். மேசை மேல் என் சாம்பிராணிச் சட்டி.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். இவர் நெருப்பை அளக்க வந்தவர். நெருப்பு எங்கே தொடங்கியது, யார் கையால் தொடங்கியது என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து முதலாளிக்குப் பணம் வரும், அல்லது வராது. அதற்காகத்தான் என்னை வரச் சொன்னார்கள். சட்டியையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

என் தொழில் கடைகளுக்குச் சாம்பிராணி போடுவது. வியாழன் மாலையும் வெள்ளி மாலையும் போவேன். சட்டியில் சிரட்டைக் கரி கங்காக இருக்கும். தோள்பையில் பொடித்த சாம்பிராணி. கையில் மயிலிறகு விசிறி. கடைக்குள் நுழைந்து கல்லாப்பெட்டிக்கு முதலில் காட்டுவேன். பிறகு மூலை மூலையாகக் காட்டிவிட்டு வெளியே வருவேன். சட்டிக்கு அடியில் பிடித்த தட்டில் காசு விழும். விழாவிட்டால் கேட்கமாட்டேன். கடைக்காரர் யார், எந்தச் சாமி படம் மாட்டியிருக்கிறார் என்று நான் பார்த்ததில்லை. அவர்களும் புகையைக் கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வாப்பாவும் இதைத்தான் செய்தார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேறு தொழில் தெரியாது.

திருநெல்வேலி ஜங்ஷனில் அந்த ஜவுளிக்கடை ஆறு மாடி. எங்கள் ஊரில் அப்போது கடை என்று கட்டியதில் அதுதான் உயரம். ராதாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து லிப்டில் ஏறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். துணி எடுக்கமாட்டார்கள். கீழ் நான்கு மாடியில் விற்பனை. மேல் இரண்டும் சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கி.

அந்தக் கடையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டியோடு லிப்டில் ஏறக்கூடாது. கடை திறந்த புதிதில் ஒரு தடவை ஏறப் போனேன். உள்ளே நின்ற அம்மா ஒருத்தி இருமினாள். கணக்கர் ஓடி வந்து எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். புகை போக வழியில்லாத பெட்டிக்குள் நெருப்பைக் கொண்டு வருகிறாயே, மூளை இருக்கிறதா என்று கேட்டார். அதிலிருந்து படிதான். வெள்ளிக்கிழமை தோறும் ஆறு மாடியும் படியேறி, படியிறங்குவேன். துணிக்கடை என்பதால் சட்டிக்கு ஓட்டை போட்ட தகர மூடி ஒன்று செய்து வைத்திருந்தேன். அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் நான் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்தவர்கள். லிப்ட்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாரும் பாய், மேலோகத்துக்கு டிக்கெட் இல்லாம கொண்டு விடுதேன்" என்று கேலி செய்வார். நான் சிரித்துவிட்டு ஏறுவேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமைகளில் ஒன்று. நான்காவது மாடி வரை காட்டினேன். ஐந்துக்குப் போகிற படியில் இரும்புக் கிராதி பூட்டிக் கிடந்தது. அது பூட்டி நான் பார்த்ததில்லை. லிப்ட்காரர் அங்கே நின்றார். மேலே சரக்கு எண்ணுகிறார்கள், யாரையும் விடவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார், இப்படியே இறங்கும் என்றார். இறங்கிவிட்டேன். இரண்டு மாடி மிச்சம் என்று காலுக்குச் சந்தோஷம்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கொக்கிரகுளம் பாலத்தில் ஆட்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன். ஐந்தாவது மாடி ஜன்னல்களிலிருந்து நெருப்பு வெளியே வந்து ஆறாவதை நக்கியது. எரிந்த துணி காக்கை மாதிரிப் பறந்து ஆற்றில் விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி மூன்றாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. தண்ணீர் பாதி வரை போய் மழையாகத் திரும்பி வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. வாட்ச்மேன் கீழே படுத்திருந்தவர் ஓடித் தப்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சந்தேகம் முதலாளி மேல் இருந்தது. கடன் கழுத்து வரை, இன்சூரன்சுக்காக அவரே வைத்துக்கொண்டார், நல்ல சரக்கையெல்லாம் முன்னமே லாரியில் ஏற்றி கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிட்டங்கியில் இறக்கிவிட்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். லாரியைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் எதிர்த்த ஜவுளிக்கடைக்காரர் மேல் போயிற்று. திங்கள்கிழமை கரண்ட் கசிவு என்றார்கள். செவ்வாய்க்கிழமை என் மேல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கடைக்குள் வாரம் தவறாமல் நெருப்பைக் கொண்டு போகிறவன் நான் ஒருவன். கங்கு ஒன்று துணிக்கட்டுக்குள் விழுந்தால் ராத்திரி முழுக்க உள்ளேயே கனிந்து விடியும்போது பற்றும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது தப்பில்லை. பற்றும்தான். இன்னொன்றும் இருந்தது. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களைப் பார்க்கிற பார்வையே வேறாகியிருந்தது. கை தவறியது என்று ஒரு பக்கம் பேச்சு. கை தவறவில்லை, வேண்டுமென்றே போட்டான் என்று இன்னொரு பக்கம் பேச்சு. நான் போகும்போது பேச்சு நிற்கும். போன பிறகு தொடங்கும்.

புதன்கிழமை கணக்கர் என் வீட்டுக்கு வந்தார். கூட லிப்ட்காரரும் இருந்தார். நாற்காலி ஒன்றுதான். கணக்கர் உட்கார்ந்தார். முன்பு மூளை இருக்கிறதா என்று கேட்டவர், அன்று பையப் பேசினார்.

"விழுந்துச்சுன்னு சொல்லாண்டாம் பாய். விழுந்திருக்கலாம்னு மட்டும் சொல்லும். அது போதும்."

சொன்னால் அது விபத்து என்று ஆகும், பணம் வரும், போலீஸ் கேஸ் இல்லாமல் முதலாளி பார்த்துக்கொள்வார், எனக்கும் ஏதாவது செய்வார் என்றார். நான் ஐந்தாவது மாடிக்கே போகவில்லை என்றேன். அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்றார். லிப்ட்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எழுந்து போகும்போது அவர்தான் வாசலில் திரும்பினார்.

"ஒமக்கு என்ன வே, ஒரு பிடி கரி. கடை தொறக்கலைன்னா எங்க எல்லாருக்கும் சோறு போகுதுல்லா."

அவர் சொன்னதும் பொய் இல்லை. அந்தக் கடையில் அத்தனை குடும்பம் பிழைத்தது. ஆனால் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மேல் திருநெல்வேலியில் எந்தக் கடைக்காரன் என் சட்டியை உள்ளே விடுவான்? கங்கு விழுத்துகிறவன் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். என் மனைவி உள்ளே பீடி சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவர்கள் தெரு முனை தாண்டும் வரை பேசவில்லை. பிறகு, "சொல்லிராதிய" என்றாள். அவ்வளவுதான். பீடித் தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

ஜமாஅத்துப் பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. பெரிய ஆட்களோடு பகை வேண்டாம், கை தவறுவது மனுஷனுக்கு உள்ளதுதான், சொல்லிவிட்டு வேறு தொழில் பார் என்றார். எந்தத் தொழில் என்று கேட்டேன். அல்லா வழி காட்டுவான் என்றார். அவருக்கு ஜங்ஷனில் கடை இருந்தது. வாடகைக் கட்டடம். கட்டடம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் வியாபாரிகள் சங்கத்து மாடி அறையில் கூடினோம். சர்வேயர் கண்ணாடி போட்டவர், வேர்த்துக் கொட்டியது. என் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் ஐந்தாவது மாடிக்குப் போனேனா என்று கேட்டார்.

போகவில்லை, கிராதி பூட்டியிருந்தது, லிப்ட்காரர்தான் இறங்கச் சொன்னார் என்றேன்.

சர்வேயர் அவர் பக்கம் திரும்பினார். லிப்ட்காரர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"நாந்தான் சார் கொண்டு விட்டேன். லிப்டுலதான் அஞ்சுக்கு வந்தாரு. கையில சட்டி இருந்துச்சு."

அது அவர் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. படியேறிப் போனார் என்று சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவருக்கு அந்தக் கடையில் தெரிந்தது லிப்ட் மட்டும்தான். பொய்யையும் அதில் ஏற்றிவிட்டார். சர்வேயரைத் தவிர அங்கே இருந்தவர்களில் கடையைத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அது பொய் என்று தெரியும்.

நான் சொன்னேன்: "அந்த லிப்டுல என் கால் பட்டது கிடையாது சார். ஏத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டது இந்தக் கணக்கரு. அவருகிட்டயே கேளுங்க."

கணக்கர் பேனாவின் மூடியைத் திருகினார். அப்படி ஏதும் சொன்னதாக நினைவில்லை என்றார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். சர்வேயர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். குழந்தைத் துணிப் பிரிவு மூன்றாவது மாடியில், படியை ஒட்டி. வாரம் தவறாமல் நான் மூச்சிரைத்து ஏறி வரும்போது முதலில் புகை வாங்குவது அவள்தான். தலைமுடியை அவிழ்த்துக் காட்டி, தலைவலிக்கு நல்லது பாய் என்பாள்.

"எனக்குத் தெரியாது சார். நான் யாவாரத்த கவனிப்பேன்."

பெரியவர் என் முழங்கையைத் தொட்டார். "ஒரு வேள மறந்திருப்பே, தம்பி." நான் கையை இழுத்துக்கொண்டேன்.

சர்வேயர் களைத்துப் போயிருந்தார். சரி, போனீர்களோ இல்லையோ, ஒரு கங்கு விழுந்திருக்க வாய்ப்பு உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். கணக்கர் சொல்லிக்கொடுத்த வார்த்தையேதான். சர்வேயருக்கும் சொல்லிக்கொடுத்தார்களா, அவராகக் கேட்டாரா, தெரியாது.

"ஏறாத மாடியில எப்படி சார் விழும்?"

அதை எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். சட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். முதலாளி அது வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

அந்தப் பெண் பின்னாலேயே படியில் ஓடி வந்தாள். "எனக்கு வேற வழி இல்ல பாய்" என்றாள். வழி இல்லாதவர்கள் அன்று அந்த அறையில் நிறையப் பேர் இருந்தார்கள். முதலாளி வைத்தாரா, எதிரி வைத்தானா, கரண்ட் வைத்ததா எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் அப்படி நினைத்தவன் நான் ஒருவன் மாதிரித்தான் இருந்தது.

அன்று மாலை நான் தொழிலுக்குப் போகவில்லை. மறுநாள் வெள்ளி. ஜும்மா முடிந்து வந்து கரியைப் பற்ற வைத்தேன். மனைவி சட்டை எடுத்துக் கொடுத்தாள். ஜங்ஷனுக்கு நடந்தேன்.

எரிந்த கட்டடத்துக்கு முன்னால் கடை ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். போனஸ் கேட்க வந்தவர்கள். நான் சொன்னதை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். விற்பனைக்கு நிற்கிற இளவட்டம் ஒருவன் டீக்கடை வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மோந்து வந்தான். எனக்கு நேராக வந்து சட்டியில் கவிழ்த்தான். கங்கு சீறியது. சாம்பல் என் சட்டையெல்லாம் தெறித்தது.

"ஏலே, இப்ப எங்கன போய் வப்பே தீய?" என்றான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். லிப்ட்காரர் அங்கேதான் நின்றார். சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

நான் ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஈரக்கரியைக் கொட்டினேன். சட்டியை வேட்டி முனையால் துடைத்தேன். பையில் மிச்சம் கரி இருந்தது. டீக்கடைக்காரரிடம் ஒரு கங்கு கேட்டேன். அவர் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். தீப்பெட்டியை எடுத்தேன். காற்றுக்கு இரண்டு மூன்று குச்சி அணைந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கரி கனியும் வரை விசிறினேன். அவசரப்படவில்லை. அவன் இன்னொரு சொம்பு கொண்டுவருவான் என்று எதிர்பார்த்தேன். கொண்டுவரவில்லை.

எழுந்து, அந்த வரிசையின் முதல் கடையிலிருந்து தொடங்கினேன். பாத்திரக்கடையில் தூரத்திலேயே கையைக் காட்டி, வேண்டாம் என்றார்கள். மருந்துக்கடையில் கதவைச் சாத்தினார்கள். செருப்புக்கடைக்காரர் காசை மட்டும் வெளியே நீட்டினார். புகை வாங்காதவர் காசு எனக்கு வேண்டாம் என்று நகர்ந்தேன். ஜமாஅத்துப் பெரியவர் கடையில் அவர் மகன் இருந்தான். இன்று வேண்டாம் மாமா என்றான். ஸ்டேஷன் வரை அறுபதுக்கு மேல் கடை, ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன்.

அன்று என்னை உள்ளே விட்டவர்கள் ஏழு பேர்.