அம்மா கண் விழித்தபோது

தொண்ணூறுகளில் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் வேலை எனக்கு. இடுப்பில் பேஜர் ஓயாது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், அது கத்தும்போதெல்லாம் ஆபீசுக்குப் பேசக் கீழே பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். ஓடுவது ஒன்றுதான் என்னால் முடிந்தது!

அன்று மூச்சிரைக்கத் திரும்பியதும் பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகள் என்னை முறைத்தார்.

“அண்ணே, அம்மா இப்பதான் கண்ணு முழிச்சாங்க. உங்க நாற்காலி காலியா இருந்துச்சு லா.”

மறுபடியும் பேஜர் கத்தியது. அவரே அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார்.

“இத நான் பாத்துக்குறேன். நீங்க ஜெபம் பண்ணுங்க.”

“ஜெபம் பண்ணி வருஷக்கணக்காச்சும்மா.”

“இயேசப்பான்னு கூப்பிடுங்க, போதும்.”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். அழுகைதான் வந்தது. அம்மா கண் திறக்கவில்லை. என் விரலை மட்டும் மெல்ல அழுத்தினார். சாயங்காலம் போய்விட்டார்.

என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் அழுதுகொண்டே அமைதியாக இருக்க முடியும் என்பதை அந்த நாற்காலியில்தான் அறிந்தேன்.