குச்சவெளியின் வெறுங்கட்டங்கள்

அறிக்கை தயாரிக்கிற வேலையில ஒரு ராசி இருக்கு: இலக்கம் சரியா இருந்தால் ஒருத்தரும் பாக்காயினம், பிழைச்சால் ஊரே பாக்கும். என்னைப்போல கணினிக்கு முன்னால குந்தியிருந்து கண் மங்கினவைக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மீன் கம்பனியில எனக்கு வேலை. உப்புவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எண்டு மூண்டு இடத்தில எங்கட சேகரிப்பு நிலையங்கள். அண்டண்டைக்கு எத்தினை கிலோ மீன் வந்ததெண்டு அங்கத்தைய எழுதுவினைஞர்கள் போனில அனுப்புவினம். நான் அதைக் கோடாயும் கட்டமாயும் மாத்தி முகாமையாளர் சேருக்குக் காட்டுவன். என்ர மேசை யன்னலோரம். பாத்துக்கொண்டே இருந்தால் திரையில இருக்கிற நீலக்கோடும் வெளியில இருக்கிற நீலக்கடலும் ஒண்டாப் போயிடும். அப்பிடியே கொஞ்சநேரம் இருந்திடுவன். அதுக்குத் திட்டும் வாங்குவன்.

ஒருநாள் சேர் வந்து சொன்னார், மூண்டில ஒண்டை மூடப்போகினமாம். எதை எண்டு மாதக்கடைசிக் கூட்டத்தில என்ர அறிக்கை சொல்லவேணுமாம். அண்டைக்கு எனக்கு யன்னல் பக்கம் கண் போகேல்லை.

நேற்றைய மீன்

முதல்ல உப்புவெளி. அங்க எழுதுறவர் யோகன் அண்ணை. அவற்ற கணக்கில ஒரு புதினம்: ஒருநாள் எண்பது கிலோ எண்டால் அடுத்தநாளும் எண்பது கிலோ. இப்பிடிச் சோடி சோடியா மாதம் முழுக்க. கடல் என்ன இரட்டைப்பிள்ளையே பெறுது எண்டு யோசிச்சு, போன் எடுத்து விசாரிச்சனான்.

அண்ணை ஆறுதலாச் சொன்னார், வள்ளம் பின்னேரம் போய் விடியத்தான் வரும், அதால வந்த மீனை ரெண்டு நாளுக்கும் பாதி பாதியாப் பிரிச்சுப் போடுறாராம். இறக்கக்கண்டியிலயும் அப்பிடித்தானாம். அப்ப ஒண்டும் வராத நாளுக்கு என்ன செய்வியள் எண்டு கேட்டன். மனுசன் என்னைத் திருப்பிக் கேட்டார்:

"பிடிபட்டது நேற்று, வந்தது இண்டைக்கு. நீங்கள் எந்த நாளின்ர மீனைக் கேக்கிறியள், தங்கச்சி?"

பஸ்ஸில போன அறிக்கை

குச்சவெளிதான் மோசம். அங்க இருக்கிற பிலோமினா அக்கா மாதத்தில பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒண்டுமே அனுப்பிறேல்லை. கட்டம் வெறுமை. வெறுங்கட்டத்தைக் கண்டால் 'நிலையம் திறக்கேல்லை' எண்டு எடுத்துச் சிவப்படிக்கச் சொல்லிக் கணினிக்குப் பழக்கினது நான்தான். அந்தச் சிவப்பைப் பாத்த சேர், மூடவேண்டியது குச்சவெளிதான் எண்டு முக்கால்வாசி முடிவெடுத்திட்டார். அக்காவுக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேற வழியில்லை எண்டு கம்பனியில எல்லாருக்கும் தெரியும்.

சொல்லாமக் கொள்ளாமப் போய்ப் பாப்பம் எண்டு ஒரு காலமை பஸ் ஏறினனான். காத்து அடிச்ச நாள். வள்ளமெல்லாம் கரையில. நிலையம் திறந்து கிடந்தது! கூட்டித் தெளிச்சு, தராசைத் துடைச்சு, ஐஸ் பெட்டியை மூடி வைச்சிட்டு, அக்கா வாசல்ல கதிரை போட்டுக் கொப்பியை மடியில விரிச்சபடி கடலைப் பாத்துக்கொண்டு இருந்தா. எனக்கும் ஒரு கதிரை தந்தா. ரெண்டுபேருமாக் கடலைப் பாத்தம். அலைச்சத்தத்தில எனக்குக் கண் சொருகிப் போச்சு. முழிச்சுப் பாக்க மத்தியானம். அக்கா அப்பிடியே இருக்கிறா, கொப்பியில அண்டைய வரி அப்பிடியே வெறுமையா இருக்கு.

இந்த மனுசியைத்தானே நான் சிவப்படிச்சனான் எண்டு நினைக்க வெக்கமாப் போச்சு. ஒண்டும் வராட்டிச் சைபர் எண்டாவது போட்டிருக்கலாமே அக்கா எண்டன். கடலுக்குப் போறவை வந்து கொப்பியை எட்டிப் பாப்பினமாம், சைபரைக் கண்டால் அடுத்தநாளும் அதுதான் எண்டு மனம் விட்டுப்போவினமாம். பிறகு, நான் ஏதோ கேக்கக்கூடாததைக் கேட்டமாதிரிக் குரலைத் தணிச்சுச் சொன்னா:

"கடல் பாத்துக்கொண்டிருக்கேக்க சைபர் போட ஏலுமே, தங்கச்சி?"

சின்ன அலை

அப்ப சைபருக்குப் பதிலா என்னதான் போடலாம் எண்டு கேட்டன். அக்கா பேனையை எடுத்துக் கொப்பியில ஒரு சின்ன அலை கீறினா. 'கடல் ஓய்வு' எண்டு அர்த்தமாம். திரும்பி வந்து மூண்டு நிலையத்துக்கும் போன் படிவத்தில அந்த அலையைச் சேர்த்தன். கிலோவைப் பற்றி ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. கடல் ஓய்வெடுத்தது எந்தெந்த நாள் எண்டு மட்டும் கேட்டன். யோகன் அண்ணை வலு சந்தோசமா மூண்டு மாதத்து நாளையும் சொன்னார். இறக்கக்கண்டியும் சொல்லிச்சு. குச்சவெளிக்கு அந்த வெறுங்கட்டங்களே போதும்.

கூட்டத்தில புதுப்படத்தைச் சுவரில விழுத்தினன். மூண்டு நிலையமும் ஒண்டுக்குக் கீழ ஒண்டு. மூண்டிலயும் அலை ஒரே நாளில, நேருக்கு நேர. மற்ற ரெண்டுபேரும் வெறும் நாளைப் பாதி மீனால மூடியிருக்கினம், அக்கா மட்டும் மூடாமல் விட்டிருக்கிறா. மீன் வந்த நாளில குச்சவெளி ஒருத்தருக்கும் குறையேல்லை. சேர் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, திரும்பப் போட்டு, கனநேரம் அந்த அலைகளைப் பாத்தார். பிறகு கையில இருந்த, குச்சவெளியை மூடச்சொல்லுற கடிதத்தை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு சொன்னார்:

"அப்ப மூடுறதெண்டால் கடலைத்தான் மூடவேணும்."

இவ்வளவு படிச்சுப்போட்டு, இப்ப நான் மாதக்கடைசியில குந்தியிருந்து அலை எண்ணுறன், அதுக்குச் சம்பளமும் தருகினம்.