வரிசை மாறியவர்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இருந்தும் முப்பது வயதில், மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் பெண்களை வேலை வாங்கும் மண்டோர் ஆனேன். என்னைப் போல் ஆள் மேய்க்க அந்த வட்டாரத்தில் எவன் இருந்தான்?

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, எல்லாரும் வரிசை வரிசையாக நிற்கும் பெரட்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். மருந்து உடம்பைக் கெடுக்கிறதா என்று பார்த்து எழுதுவார். கெடுக்கிறது என்று எழுதினால்தான் பெண்களுக்குக் கையுறையும் முகமூடியும். தோட்டத்து மேனேஜர் துரை என்னைத் தனியே அழைத்து, "நல்ல ஆளுங்களா காட்டு," என்றார்.

என் வரிசை பதினான்கு பேர். டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார். ஒரு குறையும் இல்லை.

"அஞ்சு வருசமா என் ஆளுங்கதான் மருந்தடிக்குது டாக்டரம்மா. ஒருத்திக்காவது தும்மல் உண்டா, கேளுங்க!" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். அப்போது வரிசையின் கடைசியில் நின்ற மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"நோவு வந்தவள நீங்கதான் மறுநாளே வேற வரிசைக்கு மாத்திடுறீங்களே மண்டோரே. அப்புறம் இங்க நோவாளி எப்படி இருப்பா?"

"வாய மூடு லா!"

"மூடுறேன். அந்தக் கோடியில உங்க சம்சாரம் கைய மூடிக்கிட்டு நிக்கிறாங்களே, அது மாதிரியா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மனைவியும் மருந்தடித்தவள்தான். நகம் கறுத்து விழுந்ததும் உதிரிப்பழம் பொறுக்க மாற்றிவிட்டேன். அவளுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இப்படி எத்தன பேர மாத்துனீங்க?"

துரை என்னையே பார்த்தார். யாருமில்லை என்றால் என் வேலை நிலைக்கும், உண்டென்றால் போகும். பெண்கள் பதினான்கு பேரும் வெறுங்கையைத் தொங்கவிட்டபடி நின்றார்கள்.

எனக்குப் பேர் எழுதின புத்தகம் வேண்டாம், எல்லாம் மனசில் இருக்கும். மாற்றியவர்களைப் பேர் பேராகக் கூப்பிட்டேன். புல்வெட்டும் வரிசையிலிருந்து சிலர், பழம் பொறுக்கும் வரிசையிலிருந்து சிலர். ஒன்பதாவதாக என் மனைவி வந்தாள், கையை முந்தானைக்குள் மறைத்தபடி.

டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

"காட்டு," என்றேன்.

அந்த வாரமே என் மண்டோர் வேலை போயிற்று. போனால் என்ன, அதற்கப்புறம்தான் சொந்த லோரி வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்குப் பெட்டி பெட்டியாகக் கையுறை போயிற்று. ஏற்றிப் போனது என் லோரிதான்.